மாப்பிள்ளைக்குத் திறக்காத பச்சை வண்டி

சாவியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வங்கிப் புத்தகத்திலும் பல் டாக்டர் எழுதிய சீட்டிலும் அது இருக்கிறது. மற்றபடி பதினெட்டு வருடமாக அவர் சாவியக்காதான்.

பழைய கார்களை வாங்கி விற்கும் யார்டு அது. ஊர் முடிந்து சமவெளி ஆரம்பிக்கிற இடத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிலம் தோசைக்கல் போலத் தட்டையாகக் கிடக்கும். மேடு இல்லை, மரம் இல்லை, மறைப்பு இல்லை. யார்டில் முப்பத்தாறு வண்டிகள், ஆறு வரிசையாக, வெட்டவெளியில் நிற்கின்றன. கூரை போடும் திட்டம் ஒவ்வொரு வருடமும் வசந்தகாலத்தில் பேசப்பட்டு, கோடை வந்ததும் மறக்கப்படும்.

சாவியக்காவின் ராஜ்யம் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பலகை. அதிலும் ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு கொக்கி. வெளியே வண்டி எந்த இடத்தில் நிற்கிறதோ, உள்ளே அதே இடத்தில் அதன் சாவி தொங்கும். சாவியில் அட்டை கிடையாது, எண் கிடையாது. "அட்டை கட்டி வச்சா திருடனுக்கு நாமளே வழி சொன்ன மாதிரி" என்பது முதலாளியின் வாதம். யார்டில் ஒரு வண்டி நகர்ந்தால் பலகையிலும் ஒரு சாவி நகர வேண்டும். அதைச் செய்வது சாவியக்கா. ஒரே ஒரு நாள் அவர் காய்ச்சலில் படுத்தபோது, வண்டி பார்க்க வந்த ஒருவரை அவர் ஓட்டிக்கொண்டு வந்த சொந்த வண்டிக்கே விலை பேச வைத்துவிட்டார்கள். அதிலிருந்து சாவியக்காவுக்குக் காய்ச்சல் வர அனுமதி இல்லை.

இத்தனைக்கும் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆள் குள்ளம். எந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும் கால் அந்தரத்தில் தொங்கும். ஸ்டியரிங்குக்கு மேலே வானம் மட்டும்தான் தெரியும். எனவே ஆசைப்பட்டதும் இல்லை.

போன வசந்தத்தில் அந்தப் பச்சை வண்டி யார்டுக்கு வந்தது. சின்ன வண்டி, பழைய வண்டி, ரிமோட் இல்லாத வெறும் இரும்புச் சாவி. உள்ளே காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது சாவியக்காவின் வேலை. டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து முன்னாலிருந்த சிறு பெட்டியைத் திறந்தார். காகிதங்களை எடுக்கும்போதுதான் கவனித்தார்: கால் பெடலில் இருந்தது. இரண்டு காலுமே. நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி வழியே சாலை தெரிந்தது, சாலையில் போகிறவர்களின் தலை மட்டுமல்லாமல் முழு உருவமும் தெரிந்தது. பதினெட்டு வருடத்தில் அவரைத் தேடி வந்து காலுக்கடியில் நின்ற பெடல் அதுதான். காகிதங்களைச் சரிபார்க்க வழக்கமாக ஐந்து நிமிடம் ஆகும். அன்று முக்கால் மணி நேரம் ஆனது.

ஆனால் யார்டில் ஒரு சட்டம் இருந்தது. முன்பு வேலை பார்த்த ஒருவர், வருகிற நல்ல வண்டியை எல்லாம் தன் மைத்துனர்களுக்கே தள்ளிவிட்டார். அவருக்கு மைத்துனர்களுக்குப் பஞ்சமில்லை. அதைக் கண்டுபிடித்த முதலாளி ஒரு விதி போட்டார்: ஒரு வண்டி முழுசாக ஒரு வருடம் யார்டில் நின்று, வாங்க ஆளே வராவிட்டால்தான் வேலை செய்பவர்கள் அதைக் கேட்கலாம். முந்நூற்று அறுபத்தைந்து நாள். ஒரு நாள் குறைந்தாலும் பேச்சில்லை.

பச்சை வண்டி ஒரு வருடம் நிற்குமா என்பது சந்தேகமே. காரணம் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்பவர் முதலாளியின் மகளைக் கட்டியவர், யார்டின் விற்பனையாளர். முதலாளி கூப்பிடுகிறார் என்று மெக்கானிக் கூப்பிட, மெக்கானிக் கூப்பிடுகிறார் என்று பக்கத்து டயர் கடைக்காரர்கள் கூப்பிட, இப்போது ஊருக்கே அவர் மாப்பிள்ளை. பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தன் பழைய வண்டியைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார். மழைக்கு ஒதுங்கியவருக்கு வேன் விற்றிருக்கிறார். அவர் கையில் ஒரு வண்டி நாற்பது நாள் நின்றால் அதிசயம்.

சாவியக்கா யோசித்தார். வாயால் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கொக்கிதான் தெரிந்த வித்தை. ஆறாவது வரிசை மூலையில் இஞ்சின் செத்துப்போன சாம்பல் நிற வண்டி ஒன்று, உதிரி பாகங்களுக்காக நின்றது. பச்சை வண்டியின் கம்பெனிதான் அதற்கும். இரண்டு சாவியும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். பச்சை வண்டி பார்க்க யாராவது வருவது ஜன்னல் வழியே தெரிந்தால் சாவியக்கா எழுந்து பலகை அருகே போவார். இரண்டு சாவியும் இடம் மாறும். அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வெளியே கஸ்டமருடன் நின்று பூட்டோடு மல்லுக்கட்டுவார். வண்டி திறக்காது. வியர்க்கும். சிரித்துச் சமாளிப்பார். கஸ்டமர் வேறு வண்டியைப் பார்க்கப் போய்விடுவார். பிறகு சாவியைப் பலகையில் மாட்டிவிட்டு மெக்கானிக்கை அழைப்பார். அதற்குள் சாவிகள் பழைய இடத்துக்கு வந்திருக்கும். ஸ்பேனர் என்று பெயர் எடுத்த அந்த மெக்கானிக் சாவியை எடுத்து வந்து ஒரு விரலால் திருகுவார். கதவு திறந்துவிடும்.

"பூட்டு நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை சார்."

"இப்பத் திறக்கலப்பா. சத்தியமா."

"எனக்குத் திறக்குதே."

ஒரு முறை முதலாளியே வந்து திறந்து பார்த்தார். திறந்தது. மருமகனை மேலும் கீழும் பார்த்தார். "சில வண்டிக்குச் சிலரைப் பிடிக்காது, மாப்பிள்ளை" என்றார். அன்று இரவு வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அது மீண்டும் பேசப்பட்டதாகத் தகவல். மனைவிகூடச் சிரித்துவிட்டாளாம்.

அதிலிருந்து மாப்பிள்ளைக்கும் பச்சை வண்டிக்கும் நேரடிப் பகை. தினமும் காலையில் அதைத் தாண்டிப் போகும்போது முறைத்துவிட்டுத்தான் போவார். ஒரு தடவை அதனிடம் கெஞ்சிப் பேசிக்கொண்டிருந்ததைச் சாவியக்கா பார்த்தார். நெஞ்சு கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

முந்நூற்று அறுபத்து நான்காவது நாள் ஒரு சனிக்கிழமை. சமையலறை காலண்டரில் சாவியக்கா பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அவர் கணவர் தையல்காரர், காலிலேயே பாதி வாழ்க்கையை மிதித்துத் தள்ளியவர். சட்டைக்குப் பட்டன் கட்டிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை ஆச்சு?"

"இன்னும் ஒரு நாள்."

"பிள்ளைத்தாச்சிகூட இவ்வளவு நாள் எண்ண மாட்டா."

"அவளுக்குப் பத்து மாசம். எனக்கு மாப்பிள்ளை இருக்காரே."

"சரி, வண்டி வந்தா யாரு ஓட்டுறது? எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது."

"உள்ள உக்காந்திருப்பேன். நீங்க எம்ப்ராய்டரி மெஷின் வாங்கி ரெண்டு வருஷமா போர்வை போத்தி வச்சிருக்கீங்களே, அதை நான் கேட்டனா?"

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்தார். அத்துடன் அந்தப் பேச்சும் அறுந்தது.

யார்டுக்குப் போனதும் மாப்பிள்ளை வாசலிலேயே காத்திருந்தார். புதுச் சட்டை. முகத்தில் போருக்குப் போகிறவரின் அமைதி.

"அக்கா, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பார்ட்டி வராங்க. பச்சை வண்டிக்கு. போன்லயே முக்கால்வாசி முடிச்சுட்டேன். சின்ன வண்டிதான் வேணுமாம், பழசுதான் வேணுமாம். இன்னைக்கு அதை நான் வித்துட்டுத்தான் சாப்பிடுவேன்."

"மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்திருக்கீங்களா?"

"கொண்டு வரல."

நிலைமை தீவிரம் என்று சாவியக்காவுக்குப் புரிந்தது. முற்பகல் முழுக்க ரெஜிஸ்டரைத் திறந்து வைத்து ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் எழுந்து போய் இரண்டு சாவியையும் மாற்றினார். நாளைக்குக் காலை வரை தாக்குப் பிடித்தால் போதும்.

மூன்று மணிக்கு மேற்கே வானம் நிறம் மாறியது.

சமவெளியில் புயல் திடீரென்று வருவதில்லை. கல்யாண வீட்டுக்கு வரும் சம்பந்தி மாதிரி, தூரத்திலேயே தெரியும், நேரம் எடுத்துக்கொண்டு வரும். வந்த பிறகுதான் சத்தம். முதலில் அடிவானத்தில் ஒரு கருநீலக் கோடு. கோடு சுவரானது. சுவரின் அடிப்பக்கம் மட்டும் பாசி நிறத்தில் இருந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும் ஸ்பேனர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். "கல்லு இருக்கு" என்றார்.

அதே நேரத்தில் எல்லார் போனும் ஒன்றாகக் கத்தின. வானிலை நிலையத்தின் எச்சரிக்கை: பலத்த காற்று, இடி, எலுமிச்சம்பழ அளவில் ஆலங்கட்டி, அரை மணி நேரத்துக்குள்.

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். கனத்த உடம்பு, குறைந்த பேச்சு. முப்பத்தாறு வண்டிகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எடுங்க" என்றார்.

எங்கே கொண்டுபோவது என்று யாரும் கேட்கவில்லை. வருடா வருடம் நடக்கிற ஓட்டம்தான். சனிக்கிழமை என்பதால் பள்ளிக்கூட பஸ் ஷெட் காலி, அங்கே பதினாலு வண்டி. பெட்ரோல் பங்க் கூரைக்குக் கீழே ஆறு. மிச்சம் மேம்பாலத்துக்கு அடியில். ஓட்ட ஆள் வேண்டுமே. டயர் கடை அண்ணனும் தம்பியும் வந்தார்கள். வண்டி கழுவும் பெண்கள் இருவர் ரப்பர் பூட்ஸோடு வந்தார்கள். எதிர்ப்பக்கம் முடி திருத்துகிறவர் ஒரு தலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். அந்தப் பாதித்தலையும் லைசென்ஸ் வைத்திருந்ததால் கூடவே வந்தது. வண்டியை விட்டவர்களை அள்ளிக்கொண்டு திரும்ப டயர் கடை வேன்.

சாவியக்கா பலகைக்கு முன்னால் நின்றார். நின்றார் என்றா சொல்வது, ஆடினார்.

"முதல் வரிசை மூணு, வெள்ளை, பஸ் ஷெட். முதல் வரிசை நாலு, சிவப்பு, ஹேண்ட் பிரேக் இறுக்கம், ரெண்டு கையால இறக்குங்க. அண்ணே, உங்களுக்கு நீலம், கிளட்ச்சை மெதுவா விடுங்க, குதிக்கும். ஏங்க, பாதித்தலை, கண்ணாடியைப் பார்த்தது போதும், கிளம்புங்க."

சாவிகள் கைமாறின. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு வெளியேறின. காற்று எழுந்தது. யார்டைச் சுற்றிக் கட்டியிருந்த கலர்க் கொடிகள் ஒரே பக்கமாக விறைத்து நின்றன, பிறகு நிற்கவில்லை, பறந்துவிட்டன. 'நம்பிக்கையின் மறுபெயர்' என்று எழுதிய பலகை சாலையைக் கடந்து ஓடியது. இருபது நிமிடத்தில் முப்பத்து மூன்று கொக்கிகள் காலி.

மீதி மூன்று. ஒன்று முதலாளியின் பெரிய வண்டி. அதை எடுத்துக்கொண்டு ஸ்பேனர் புறப்பட்டு, காற்றில் எதிரே ஒன்றும் தெரியாமல், திரும்பி வந்து பட்டறைக்குள்ளேயே இடித்துப் பிடித்து நுழைத்துவிட்டார். இன்னொன்று செத்த வண்டி, அதற்கு இனிமேல் என்ன ஆக வேண்டும். கடைசி, பச்சை.

சாவியக்கா ஒரு கணக்குப் போட்டிருந்தார். மாப்பிள்ளை தூரத்தில் இருக்கும்போது சரியான சாவியை எடுத்து ஸ்பேனரிடம் கொடுத்து, பச்சை வண்டியைப் பட்டறையில் சேர்ப்பது. ஆனால் வேனிலிருந்து குதித்த மாப்பிள்ளை நேராக ஆபீசுக்குள் வந்து, தானே கை நீட்டி, பச்சை வண்டியின் கொக்கியில் இருந்த சாவியைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்.

"மாப்பிள்ளை, இருங்க."

"நாலு மணிக்குப் பார்ட்டி, அக்கா."

முதல் கல் தகரக் கூரையில் விழுந்தது. டக். யாரோ ஒரு ஆளைக் கூப்பிட்டது போல. இரண்டாவது, மூன்றாவது. பிறகு லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். ஜன்னலுக்கு வெளியே தரை வெள்ளையாகத் துள்ளியது.

மாப்பிள்ளை பச்சை வண்டியின் பக்கத்தில் நின்று சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். கொண்டைக்கடலை அளவில் விழுந்தபோது சட்டைக் காலரைத் தூக்கிவிட்டார். நெல்லிக்காய் அளவு ஆனபோது விலைப்பட்டியல் பைலைத் தலையில் வைத்தார். ஓடி வரவில்லை. ஒரு வருட அவமானம் அவரை அங்கேயே நட்டு வைத்திருந்தது.

"மாப்பிள்ளை, விடுங்க, உள்ள வாங்க" என்று முதலாளி கத்தினார். கேட்டால்தானே.

"விட மாட்டாரு. அந்த வண்டிகிட்டத் தோத்துட்டு வர மாட்டாரு" என்றார் ஸ்பேனர்.

ஒரு கல் மாப்பிள்ளையின் தோளில் பட்டு அவர் குனிந்தார். மறுபடி நிமிர்ந்து சாவியைத் திருகினார்.

சாவியக்கா பலகைப் பக்கம் திரும்பினார். ஆறாவது வரிசை மூலைக் கொக்கியிலிருந்து சாவியை எடுத்தார். அந்தக் கொக்கி செத்த வண்டியுடையது என்று முதலாளிக்கும் தெரியும், ஸ்பேனருக்கும் தெரியும். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வண்டி கழுவும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று கதவருகே இருந்தது. அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு சாவியக்கா வெளியே இறங்கினார்.

தொட்டிக்குள் உலகம் ஒரே பறையடி. காலுக்குக் கீழே கற்கள் உருண்டன. தடம் பார்த்து நடக்க வேண்டியதில்லை, வழி தலைகீழாகத் தெரியும்: நாலாவது வரிசை, ஐந்தாவது இடம். போய்ச் சேர்ந்ததும் மாப்பிள்ளையை முழங்கையால் தள்ளினார். சாவியை நுழைத்தார். கதவு திறந்தது. இருவரும் உள்ளே விழுந்தார்கள். சாவியக்கா டிரைவர் இருக்கையில், மாப்பிள்ளை அவரைத் தாண்டிப் பக்கத்து இருக்கையில், தொட்டி பின்னால்.

வண்டியை எடுக்க நேரமில்லை. எடுக்க வேண்டியவர் தப்பான பக்கத்தில் வேறு இருந்தார். கூரையில் இப்போது எலுமிச்சம்பழங்கள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு அடிக்கும் தகரம் உள்பக்கமாக ஒரு குமிழ் விட்டது. முன்கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து கீறல் கிளம்பி, சாவகாசமாக மறுமூலைக்கு நடந்து போனது.

மாப்பிள்ளை நெற்றியைத் தடவிக்கொண்டே சாவியக்காவைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை, வியப்புதான் இருந்தது. வாயைக் காதருகே கொண்டுவந்து கத்தினார்.

"உங்களுக்கும் திறக்குது."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சாவியக்காவால் சும்மா இருக்க முடியவில்லை.

"வண்டி மேல தப்பில்ல" என்றார்.

"என்ன?"

"உங்க மேலயும் தப்பில்ல."

"என்னக்கா? கேக்கல."

சாவியக்கா மூச்சை இழுத்தார். நெஞ்சில் இருந்ததை எல்லாம் திரட்டிக் கத்தினார். ஆலங்கட்டிக்கு ஒரு குணம் உண்டு. நிற்பதாக இருந்தால் குழாயை மூடியது போல நின்றுவிடும். சாவியக்கா வாயைத் திறந்ததும் அது நின்றது.

"ஒரு வருஷமா சாவியை மாத்தி மாத்தி வச்சு உங்களை ஏமாத்துனது நான்தான்!"

சமவெளி முழுக்க அது போய்ச் சேர்ந்தது. ஆபீஸ் வாசலில் முதலாளி அசையாமல் நின்றார். ஸ்பேனர் சிரிப்பை மறைக்க ஒரு டயருக்குப் பின்னால் போனார்.

அதற்குப் பிறகு நடந்த விசாரணை நீளமானது அல்ல. சாவியக்கா எல்லாவற்றையும் சொன்னார், பெடல் உட்பட. மாப்பிள்ளை உடனே திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மாப்பிள்ளை திட்டவில்லை. வெகுநேரம் தரையில் கிடந்த கற்களைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, "நான் ஒரு நாள் அதுகிட்ட மன்னிப்புகூடக் கேட்டேன்க்கா" என்றார்.

"பார்த்தேன்."

"பார்த்துட்டும் சும்மா இருந்தீங்களா?"

"அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கல."

"எனக்கு ஒரு வருஷமா இறங்கல. மாமா சாப்பாட்டு மேஜையில உக்காந்தாலே எனக்குப் பச்சை நிறம்தான் ஞாபகம் வரும்."

முதலாளி தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை, நான் பேசுனது தப்பு." பதினொரு வருடத்தில் மருமகனிடம் அவர் கேட்ட முதல் மன்னிப்பு அது. மாப்பிள்ளை அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ஏம்மா" என்று முதலாளி சாவியக்கா பக்கம் திரும்பினார். "நாளைக்குத்தான் முந்நூத்தி அறுபத்தஞ்சு. இன்னைக்கு ஆள் வந்து கேட்டா வண்டி அவங்களுக்கு. வரலேன்னா உனக்கு. நீ செஞ்சது வேற விஷயம், அதைத் திங்கக்கிழமை பேசுவோம்."

எல்லாரும் பச்சை வண்டியைப் பார்த்தார்கள். அம்மைத் தழும்பு போட்ட மாதிரி மேலெல்லாம் பள்ளம். கண்ணாடியில் நதி. இதை யார் வாங்குவார்கள்? சாவியக்காவின் மனசுக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. ஆலங்கட்டிக்கு நன்றி சொல்லலாமா என்றுகூட நினைத்தார்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு கார் யார்டுக்குள் நுழைந்தது. நுழைந்தது, நின்றது, குலுங்கியது, மறுபடி நுழைந்தது. ஓட்டி வந்த இளைஞன் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெண்மணி இறங்கினார். கழுத்தில் விசில், கண்ணில் கண்ணாடி, குரலில் கண்டிப்பு.

"மேம்பாலத்துக்குக் கீழ ஒதுங்கி நின்னோம். அங்க ஒரே கூட்டம், ஏதோ கண்காட்சி மாதிரி வண்டி நிக்குது" என்றார். "நான்தான் போன்ல பேசுனது. டிரைவிங் ஸ்கூல்."

மாப்பிள்ளை கையைப் பச்சை வண்டி பக்கம் காட்டினார். டீச்சர் அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். கூரையைத் தடவினார். பள்ளங்களை எண்ணுவது போல இருந்தது. முகம் மலர்ந்துகொண்டே போனது.

"இதைத்தாங்க நான் தேடிட்டு இருந்தேன். புது வண்டி வாங்கிக் குடுத்தா பசங்க பயந்து பயந்து ஓட்டுறாங்க. ஒரு கீறல் விழுந்தா அழறாங்க. இது ஏற்கனவே எல்லா அடியும் வாங்கியாச்சு. இனிமே எதுல இடிச்சாலும் யாருக்கும் தெரியாது."

சாவியக்காவின் விளக்கு அணைந்தது.

"உள்ள ஏதாவது கோளாறு உண்டா? உள்ளதைச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

மாப்பிள்ளை சாவியக்காவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அதை இந்த அக்காகிட்டக் கேளுங்க. இவங்களைவிட அந்த வண்டியைத் தெரிஞ்சவங்க யாருமில்ல" என்றார்.

பழிவாங்குகிறாரா, வழிவிடுகிறாரா என்று சொல்ல முடியாத குரல். சாவியக்காவுக்கு ஒன்று மட்டும் புரிந்தது: ஒரு வார்த்தை போதும். கியர் பாக்ஸ் போச்சு என்றால் போதும். இஞ்சினில் புகை வரும் என்றால் போதும். ஸ்பேனர் மறுக்கப் போவதில்லை, மாப்பிள்ளையும் வாய் திறக்கப் போவதில்லை. நாளைக்குக் காலை காலண்டரில் கடைசிப் புள்ளி.

வண்டியைப் பார்த்தார். அத்தனை அடியும் வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் உள்ளே அடிபடாமல் காத்து வைத்திருந்த வண்டி. அதைப் பற்றி அவதூறு சொல்ல நாக்கு எழவில்லை.

"கோளாறு ஒண்ணும் இல்லீங்க" என்றார். "குளிர்ல முதல் தடவை ஸ்டார்ட் ஆகாது, ரெண்டாவது தடவை கண்டிப்பா ஆகும். வலது ஜன்னல் பாதியில நிக்கும், கீழ இருந்து ஒரு தட்டு தட்டணும். பிரேக் மெத்து மெத்துன்னு இருக்கும், ஆனா பிடிக்கும். யார்டிலேயே நல்ல வண்டி இதுதான். அதான் ஒரு வருஷமா இதை நான் எனக்குன்னு ஒளிச்சு வச்சிருந்தேன்."

டீச்சர் கண்ணாடியை மூக்கில் இறக்கி அவரைப் பார்த்தார்.

"பதினாறு வருஷமா பழைய வண்டி வாங்குறேன். இப்படி ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்ல. எடுத்துக்கிறேன்."

முடிந்தது. மாப்பிள்ளை பேனாவை நீட்டினார். ஒரு வருடமாக விற்க முடியாத வண்டியை விற்றுவிட்டார். சந்தோஷம் வரும் என்று எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவரும் அதற்காகக் காத்திருப்பது போலத்தான் தெரிந்தது. வரவில்லை. சாவியக்கா உள்ளே போய் ரெஜிஸ்டரில் பச்சை வண்டியின் வரியைக் கோடு போட்டு அடித்தார். கோடு நேராக வரவில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது விற்காமல் அவரால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது.

"டீச்சர்" என்றார். "இந்த வண்டிக்கு முதல் ஸ்டூடண்ட்டை நானே பிடிச்சுத் தரேன்."

"யாரு?"

"அக்கா, இங்க வாங்க." சாவியக்கா வந்ததும் அவருடைய குரல் மாறியது. அது மழைக்கு ஒதுங்கியவருக்கு வேன் விற்ற குரல். "உங்களுக்குக் கால் எட்டுற வண்டி ஊரிலேயே ஒண்ணுதான். அதுவும் இப்ப ஸ்கூல் வண்டி. ஸ்கூல் வண்டின்னா என்ன? பெட்ரோல் அவங்களுது, ரிப்பேர் அவங்களுது, நிறுத்த இடம் அவங்களுது. ஓட்டுறது மட்டும் நீங்க. சொந்தமா வாங்கியிருந்தா உள்ள உக்காந்துக்கிட்டு ரோட்டைப் பார்த்திருப்பீங்க, அவ்வளவுதான். இப்ப ரோட்டுல போகலாம். இதைவிட லாபமான வண்டி நான் யாருக்கும் வித்ததில்ல."

சாவியக்கா அவரைப் பார்த்தார். பதினொரு வருடத்தில் மாப்பிள்ளையின் பேச்சை அவர் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். வாங்குகிற இடத்தில் நின்று கேட்டதில்லை. நின்று பார்த்தால்தான் தெரிகிறது, தப்பிக்க முடியாது.

"வாரத்துக்கு எத்தனை நாள்?" என்றார்.

முன்கண்ணாடி மாற்ற ஒரு வாரம் ஆனது. அதற்குள் ஒரு திங்கட்கிழமை வந்து போனது. முதலாளி அவரை அழைத்து, இனி எல்லாச் சாவியையும் மாலையில் மாப்பிள்ளை ஒரு தடவை சரிபார்ப்பார் என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை முதல் நாள் பார்த்தார். இரண்டாம் நாள் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "சரியா இருக்காக்கா?" என்று கேட்டார். மூன்றாம் நாளிலிருந்து அதுவும் இல்லை.

பாடம் தொடங்கியது. செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறரை மணி. முதல் நாள் வண்டி ஏழு தடவை நின்றது. இரண்டாம் நாள் ஒரு குப்பைத் தொட்டி சாய்ந்தது. டீச்சர் இறங்கிப் பார்த்து, "புதுசா எதுவும் தெரியல" என்றார் திருப்தியோடு. மூன்றாவது மாதம் தையல்காரர் பின்சீட்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்தார். வீட்டுக்கு வந்ததும் எம்ப்ராய்டரி மெஷினின் போர்வையை எடுத்துவிட்டு அதற்கு எண்ணெய் போட ஆரம்பித்தார்.

அடுத்த வசந்தத்தில், அடிவானத்தில் மறுபடியும் கருநீலக் கோடு தெரிந்த ஒரு சனிக்கிழமை, பச்சை வண்டி யார்டுக்குள் வந்தது. டீச்சர் வேறொரு வண்டி பார்க்க வந்திருந்தார். ஓட்டி வந்தது சாவியக்கா. இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே ஒரு கை அகலம் இடைவெளி விட்டு, பின்பக்கமாக, ஒரே மூச்சில் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்பேனர் கையிலிருந்ததை வைத்துவிட்டுப் பார்த்தார்.

"ஒரு வருஷம் ஆகப் போகுது" என்றார் டீச்சர் இறங்கிக்கொண்டே. "அடுத்த மாசம் டெஸ்ட்டுக்கு எழுதிடவா? பாஸாயிட்டா அப்புறம் கிளாஸுக்கு வர வேண்டியதில்ல."

"அவசரம் என்ன டீச்சர்" என்றார் சாவியக்கா. "ரிவர்ஸ் இன்னும் சரியா வரலையே."

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டே மேற்கே பார்த்தார், பிறகு ஆபீசுக்குள் போனார். மாப்பிள்ளை வாசலில் நின்ற மாமனாரின் பக்கம் சாய்ந்தார்.

"பாவம் மாமா, டீச்சர்" என்றார். "எனக்கு ஒரு வருஷத்துல முடிஞ்சுது."